ரேடியேட்டரில் விழுந்த ஓட்டை

கொதிக்கிற ரேடியேட்டரின் மூடியைத் திறக்கக் கூடாது என்று தெரியாத ஆள் எங்கள் பக்கத்தில் கிடையாது. முட்டுகிற மாடு என்று தெரிந்தும் கிட்டே போய் முட்டு வாங்கியவர்கள் ஊரில் எத்தனையோ பேர் இருக்கிறார்களே, அந்தக் கணக்குதான் இதுவும். என் மச்சானுக்கும் தெரியும். லாரியில் கிளீனராகப் போனவன், டிராக்டர் ஓட்டுகிறவன். தெரிந்தும் திறந்தான்.

மச்சான் என்றால் என் வீட்டுக்காரியின் தம்பி. கல்யாணம் தட்டிக்கொண்டே போனதில் எங்களோடே தங்கிவிட்டான். அதியமான்கோட்டையிலிருந்து உள்ளே போகிற மண்பாதையில் இருக்கிறது எங்கள் சாமந்தித் தோட்டம். அதில் பாதி உழைப்பு அவனுடையது. கோபம் வராத வரைக்கும் அவனைக் குறை சொல்ல முடியாது. "எந்தம்பி கோவத்துக்கு ரெண்டு கொம்பு, புத்திக்கு வாலு கூட கெடையாது" என்று அவன் அக்காவே சொல்லுவாள்.

அன்றைக்குச் சேலத்தில் சொட்டுநீர்க் குழாய் வாங்கிக்கொண்டு நானும் அவனும் என் பழைய டீசல் காரில் திரும்பிக்கொண்டிருந்தோம். பல கை மாறி என்னிடம் வந்த வண்டி. சில வாரமாகவே அதில் தண்ணீர் குறைந்துகொண்டிருந்தது. காலையில் அடியில் குனிந்து பார்த்தால் ஈரம் இருக்காது. தோட்டத்துக்கும் கடைத்தெருவுக்கும் ஓட்டினால் ஒரு சொட்டும் குறையாது. தூரமாகப் போய் எஞ்சின் நன்றாகச் சூடேறினால்தான் குறையும். கூலண்ட் பாதி, எங்கள் போர் தண்ணீர் பாதி என்று ஊற்றி ஓட்டிக்கொண்டிருந்தோம். சோறு வடித்தால் பாத்திரத்தில் வெள்ளை படிகிற உப்புத் தண்ணீர் அது.

தொப்பூர் கணவாயில் மேடு ஏறும்போது வெல்லப்பாகு தீய்ந்த மாதிரி ஒரு வாடை வந்தது. சூடு காட்டுகிற முள் சிவப்பில் போய்ப் படுத்துக்கொண்டது. ஓரம் கட்டி பானட்டைத் தூக்கினேன். உள்ளே ஒன்றும் தெரியவில்லை, ஒரே ஆவி. பின்னால் லாரிகள் வரிசை கட்டி ஹார்ன் அடித்தன.

"ஆறட்டும்டா" என்றேன்.

"எங்க ஆறது? பின்னாடி இருக்கறவன் பொறந்ததுலேர்ந்து ஹார்ன்ல கைய வெச்சிருக்கறான். துண்ட போட்டு மெதுவா திருவறேன், ஆவி போயிரும்."

"டேய், வேணான்டா!"

"நீங்க சும்மா இருங்க மாமா. லாரியில எத்தினி தெறந்திருப்பேன்."

துண்டை மடித்து மூடியின் மேல் வைத்து அழுத்தித் திருகினான். முதல் திருகிலேயே சீறியது. சீறினதில் அவனுக்குக் கோபம் வந்துவிட்டது. பாம்பை மிதிக்கிற மாதிரி ஓர் அமுக்கு அமுக்கி முழுசாகத் திருப்பினான். மூடி அவன் தாடையில் அடித்து எங்கோ தெறித்தது. கொதிதண்ணீர் கம்பம் மாதிரி எழுந்து அவன் நெஞ்சிலும் இடது கையிலும் கொட்டியது. மனிதத் தொண்டையில் அப்படி ஒரு சத்தம் வரும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. ஒட்டிக்கொண்ட சட்டையைக் கழற்ற நான் இழுத்தேன். சட்டையோடு தோலும் வந்தது.

ஹார்ன் அடித்த அதே லாரிக்காரர்தான் தண்ணீர்க் கேனோடு குதித்து ஓடி வந்தார். மச்சானை ரோட்டோரம் உட்காரவைத்து, கேன் காலியாகிற வரைக்கும் நெஞ்சில் ஊற்றினார். கன்னடம் கலந்த தமிழ் அவருக்கு. "அரிசினா இருக்குது, தாரேன் இரு" என்று சொல்லிவிட்டுத் தன் கேபினுக்குள் ஏறினார். மஞ்சளைத்தான் சொல்கிறார் என்று புரிந்துகொண்டு மச்சானின் கையைத் தூக்கிப் பிடித்தேன். அவர் மஞ்சள் தூள் பொட்டலத்தோடு எங்களைத் தாண்டிக் காரிடம் போனார்.

"காயத்துக்கு இல்லப்பா, வண்டிக்கு! காயத்துக்கு ஆஸ்பத்திரி இருக்குது. இந்த மலையில வண்டிக்கு யாரு இருக்கறா?"

எஞ்சின் கொஞ்சம் தணியும்வரை பொறுத்து, மஞ்சளைத் தண்ணீரில் கரைத்து ரேடியேட்டருக்குள் ஊற்றி, தெறித்துக் கிடந்த மூடியைத் தேடி எடுத்துப் போட்டார். மஞ்சள் உள்ளே போய் ஊறிக் கசிகிற ஓட்டையில் அடைத்துக்கொள்ளுமாம். லாரிக்காரர்களின் கை வைத்தியம் அது. "மஞ்சத்தண்ணி ஊத்துனா ஆடு தலையாட்டும், இல்லையா? இப்ப ஸ்டார்ட் பண்ணு. இதுவும் தலையாட்டும்" என்றார். ஆட்டியது. அந்த மஞ்சளிலேயே தருமபுரி ஆஸ்பத்திரி வரைக்கும் வந்து சேர்ந்தோம். வழியெல்லாம் மச்சான் பின்சீட்டில் பல்லைக் கடித்துக்கொண்டு வண்டியையும் என்னையும் லாரிக்காரரையும் சாமியையும் மாற்றி மாற்றித் திட்டிக்கொண்டு வந்தான். திட்டுகிற வரைக்கும் உயிர் இருக்கிறது என்று எனக்கு அதில் ஓர் ஆறுதல்.

கை நிறையக் கட்டு, நெஞ்சில் மருந்து பூசி மெல்லிய துணி, சட்டை போடக் கூடாது என்ற உத்தரவு. இந்தக் கோலத்தில் அவனை வீட்டில் படுக்கவைத்துவிட்டுக் காரை மெக்கானிக்கிடம் கொண்டுபோகலாம் என்று பார்த்தால், வந்தே தீருவேன் என்று முன்சீட்டில் ஏறிக்கொண்டான். "என்னைய வேகவெச்சது எதுன்னு நான் பாக்கணும்."

மெக்கானிக்கின் பட்டறை சர்வீஸ் ரோட்டில் இருக்கிறது. நல்ல கை, ஆனால் பேச்சு இல்லாமல் அவனுக்கு ஸ்பேனர் திரும்பாது. கட்டோடு வந்த மச்சானைப் பார்த்ததும், "என்னா மாமோவ், பாதி வெந்தும் வேகாம எறக்கிட்டாங்களா?" என்றான். மச்சான் சிரிக்கவில்லை.

முதலில் எண்ணெய் ஊற்றுகிற மூடியைத் திறந்து பார்த்தான். எஞ்சினுக்குள் தண்ணீர் போயிருந்தால் எண்ணெய் டீ மாதிரி வெளுத்திருக்கும், அப்படி இல்லை. பெரிய செலவு இல்லை என்று நிம்மதியானேன். ரப்பர் குழாய்களை ஒவ்வொன்றாக நசுக்கிப் பார்த்தான், கிளிப்பைத் தடவிப் பார்த்தான், தண்ணீர் பம்புக்கு அடியில் விரலை விட்டுப் பார்த்தான். எல்லாம் காய்ந்து கிடந்தது. பிறகு காரின் முன்முகத்தில் இருக்கிற கிரில்லைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டு ரேடியேட்டரை வெளியே எடுத்தான். எடுத்ததுமே தெரிந்தது. முன்பக்கத்தில், நடுவில், மஞ்சள் கோடு ஒன்று வடிந்து காய்ந்திருந்தது. கோட்டின் உச்சியில் உப்பும் மஞ்சளும் சேர்ந்து பொருக்கு. அதைச் சுரண்டினான். அடியில் ஓர் ஓட்டை. பென்சில் முனை அளவு, அவ்வளவு வட்டமாக.

"கல்லு பட்டிருக்குமா?" என்றேன்.

"கல்லு பட்டா சுத்தி இருக்கற தகடெல்லாம் நசுங்கியிருக்கும்ணா. இது அழகா இருக்குது பாருங்க. காது குத்துன மாதிரி." கொஞ்சம் யோசித்தான். யோசிக்காமல் இருந்திருக்கலாம். "யாரோ ஸ்க்ரூ டிரைவர் வுட்டு குத்தியிருக்கறாங்க. வூட்டாண்ட நிறுத்தும்போது கிரில்லு சந்துல வுட்டா முடிஞ்சுது."

மச்சான் மெதுவாக எழுந்தான். "யாரோன்னா?"

"எனக்கென்னா தெரியும் மாமோவ். ஒங்களுக்கு ஆவாதவங்க யாரு இருக்கறா?"

எங்களுக்கு ஆகாதவர் ஒருவர்தான் இருந்தார். என் பெரியப்பா மகன். அண்ணன். எங்கள் தோட்டத்துக்கு ஒட்டி அவர் தோட்டம். நாங்கள் போகிற பாதை அவர் வரப்பைத் தின்கிறது என்று, கார் வாங்குவதற்கு முன்பிருந்தே பேச்சில்லை. 'பங்காளியையும் பனங்காயையும் பதம் பார்த்து வெட்டணும்' என்று எங்கள் ஊரில் ஒரு பழமொழி உண்டு. பழமொழிகள் என்றால் எனக்கு உயிர். எங்கே கேட்டாலும் காதில் முடிந்து வைத்துக்கொள்வேன். அன்றைக்கு அந்தப் பழமொழி மச்சான் வாயிலிருந்து வந்தது. அதைச் சொல்லிக்கொண்டேதான் ஜாக்கி திருகுகிற இரும்புக் கம்பியைக் கையில் எடுத்தான்.

"டேய், மெக்கானிக்கு சும்மா ஒளறினான்டா!"

"வெந்தது நான், மாமா."

பட்டறை வாசலில் சாவியோடு நின்ற மொபெட்டில் ஏறிவிட்டான். ஒரு கை கட்டில் கிடக்க, மறு கையில் ஹாண்டில்பாரும் கம்பியும். என் காருக்கு ரேடியேட்டர் தரையில் கிடக்கிறது. மெக்கானிக்கின் பைக்கில் பின்னால் தொற்றிக்கொண்டு துரத்தினோம். துரத்தி என்ன செய்ய, மண்பாதையில் அவன் கிளப்பிய புழுதியைத்தான் தின்றோம்.

அண்ணன் முதுகில் மருந்து டேங்க்கை மாட்டிக்கொண்டு சாமந்திக்கு மருந்து அடித்துக்கொண்டிருந்தார். டேங்க் மோட்டார் சத்தத்தில் அவருக்கு எதுவும் கேட்கவில்லை. முதல் அடி டேங்க்கில் விழுந்து பிளாஸ்டிக் பிளந்தது. மருந்து அவர் கால் வழியாக ஒழுகியது. திரும்பினார். இரண்டாவது அடிக்கு வலது கையைக் குறுக்கே தூக்கினார். கரும்பை முழங்காலில் வைத்து ஒடிக்கிற சத்தம். நான் வரப்பில் ஓடி வரும்போதே அது கேட்டது.

"என்னத்துக்குடா அடிக்கிற? சொல்லிட்டு அடிடா!" என்று கத்தினார் அண்ணன்.

"ரேடியேட்டர ஏன்டா குத்துன?"

"எதடா?"

"ரேடியேட்டர்டா! எங்க காரு!"

"அது எங்கடா இருக்குது?" என்றார் அவர், பூச்செடிகளுக்கு நடுவே மண்டியிட்டு, தொங்குகிற கையை இன்னொரு கையால் தாங்கிக்கொண்டு. அந்தக் கேள்வியிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. குத்தியவன் எங்கே இருக்கிறது என்று கேட்கமாட்டான். மச்சானுக்கு அது காதில் விழவில்லை. அடுத்த அடியை ஓங்கினான். குறுக்கே விழுந்தேன்; என் தோளில் இறங்கியது. அதற்குள் அண்ணி களைக்கொத்தோடு வந்துவிட்டாள். கொத்தின் காம்பால் மச்சானின் கட்டுப்போட்ட கையில் ஒரே வீச்சு. அவன் சுருண்டு விழுந்தான். கட்டு அவிழ்ந்து ரத்தமும் நீருமாக வழிந்தது. இரும்புப் பக்கத்தைத் திருப்பி அவன் தலைக்கு ஓங்கினாள். நானும் மெக்கானிக்கும் சேர்ந்துதான் பிடிக்க முடிந்தது.

"வுடுங்க கொழுந்தனாரே! ஒங்க மச்சான் தலைய ஒடச்சிட்டு அப்பறம் ஞாயம் பேசறேன், வுடுங்க!"

அண்ணனுக்கு மணிக்கட்டில் பிளேட் வைத்தார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் போலீஸ்காரர் கேட்டபோது அண்ணி, செடியில் தடுக்கி விழுந்ததாகச் சொன்னாள். அவர் போன பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"போலீசுக்கு சொன்னா ஒங்க மச்சான தூக்கி உள்ள வெச்சிருவாங்க. உள்ள இருந்தா எம்மவன் என்னா பண்ணுவான்? நாளைக்கு லீவு போட்டுனு வரான்."

அவள் மகன் ஓசூரில் ஒரு கம்பெனியில் லேத் ஓட்டுகிறான். என் தோளில் ஏறி விளையாடிய பிள்ளை; இப்போது என்னைவிட ஒரு தலை உயரம். வந்தால் என்ன நடக்கும் என்று அவள் சொல்லவேண்டிய அவசியமே இல்லை. 'ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது' என்பார்கள். பொழுது சாய்வதற்குள் பையன் எதைக் கொண்டுவருகிறான், எத்தனை பேரோடு வருகிறான் என்று டீக்கடையில் படம் ஓடிக்கொண்டிருந்தது.

வீட்டில் என் வீட்டுக்காரி தம்பியிடம் கெஞ்சினாள். "பொம்மிடியில பெரியம்மா வூட்டுக்கு போயிரு சாமி. ஒரு மாசம் இரு. கண்ணுல படாத."

"நான் எதுக்கு ஓடறேன்? குத்துனவன் ஓடணும்." புதுக் கட்டோடு, கம்பியைப் பக்கத்தில் சாய்த்துக்கொண்டு, வாசல்படியில் உட்கார்ந்துவிட்டான். தூக்கிப்போட்டுக் கொண்டுபோனால்தான் உண்டு. அதற்குக் கார் வேண்டும். மறுநாள் விடிந்ததும் நான் மெக்கானிக்கிடம் ஓடினேன்.

ரேடியேட்டரை ஈயம் வைத்துப் பற்றவைத்திருந்தான். இரண்டு வாயையும் அடைத்து, தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிக் காற்று ஏற்றிக் காட்டினான். ஒரு குமிழும் வரவில்லை. பொருத்தினான், குழாய்களை மாட்டினான், புது மூடி போட்டான். அவ்வளவு நேரமும் வாயைத் திறக்கவில்லை. நடந்ததையெல்லாம் நேரில் பார்த்தவன். கடைசியாக, சுவரோரம் சாய்த்திருந்த கிரில்லை எடுத்து வைத்தான். உட்கார மறுத்தது. முழங்காலால் ஒரு தள்ளு தள்ளப் போனான்.

"இரு. எதுவோ தட்டுது" என்றேன்.

கிரில்லைத் திருப்பினேன். பின்பக்கத்தில் ஒரு ஸ்க்ரூ நீட்டிக்கொண்டிருந்தது. தகர ஷீட்டுக் கூரைக்குப் போடுகிற நீள ஸ்க்ரூ. துளை போடுகிற மாதிரி நுனி கூராக வரும், பார்த்திருப்பீர்கள். நுனியில் மஞ்சள் பொருக்கு.

முன்பக்கத்தில் அந்த ஸ்க்ரூவைப் பிடித்துக்கொண்டு நாக்கை நீட்டிச் சிரித்தது திருஷ்டிப் பூதம்.

பூதத்தின் கதை இது. கார் வாங்கிக்கொண்டு வந்த புதிதில், அண்ணன் வரப்பில் நின்று பார்த்துவிட்டு, "வண்டி நல்லாத்தான் இருக்குது" என்று சொன்னார். அத்தனை நாள் பேசாத மனுசன் பேசிய ஒரே வாக்கியம். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். மச்சானோ அதைத் திருஷ்டி என்று எடுத்துக்கொண்டான். "கல்லடி பட்டாலும் கண்ணடி படக் கூடாது மாமா" என்று சந்தையில் கறுப்புப் பூத முகம் ஒன்றை வாங்கிவந்தான். அதோடு வந்த குட்டி ஸ்க்ரூ நிற்கவில்லை. மாட்டுக்கொட்டகைக்குக் கூரை போட்டு மிச்சமான நீள ஸ்க்ரூவைப் போட்டு இறுக்கினான். அண்ணன் கண்ணுக்குப் போட்ட பூட்டு.

மெக்கானிக் ரேடியேட்டரைப் பிடித்து ஆட்டினான். பொருத்தும்போது முன்னால் சாய்ந்து நின்றிருக்கிறது; முன்னும் பின்னும் ஆடியது. அதைத் தாங்குகிற ரப்பர் தேய்ந்துபோயிருந்தது. சும்மா நிற்கையில் ஸ்க்ரூவுக்கும் அதற்கும் ஒரு விரல் இடைவெளி; மேடுபள்ளத்தில், பிரேக் போடுகையில், ரேடியேட்டர் முன்னால் சாய்ந்து தானே போய்க் குத்து வாங்கியிருக்கிறது. கொஞ்சம் கொஞ்சமாக, வாரக்கணக்கில். கிரில்லை வைத்து ரேடியேட்டரைத் தள்ளிப் பார்த்தோம். ஸ்க்ரூ நுனி அவன் வைத்த ஈயப் பொட்டின் மேல் வந்து நின்றது.

"ணா" என்றான் மெக்கானிக். "நான் வாய்ல வந்தத சொன்னேன்ணா."

சட்டையைக் கொத்தாகப் பிடித்து அவனைத் தொட்டி மேல் சாய்த்துவிட்டேன். என் கை அப்படிச் செய்யும் என்று எனக்கே தெரியாது. 'நுணலும் தன் வாயால் கெடும்' என்பார்கள். இங்கே தவளை தப்பித்துக்கொண்டது, வேறொருத்தர் கை ஒடிந்தது. அவன் எதிர்க்கவில்லை. நானே விட்டுவிட்டேன். ரப்பரை மாற்றவேண்டாம், ஆட்டிக் காட்டவேண்டும், அப்படியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு, கிரில்லைப் பின்சீட்டில் போட்டு வீட்டுக்கு ஓட்டினேன்.

ஓட்டை யார் போட்டது என்று தெரிந்துவிட்டால் மச்சான் இறங்கிவருவான், நேராக ஆஸ்பத்திரிக்குப் போய் அண்ணன் காலில் விழுவான், பையன் வருவதற்குள் நெருப்பு அணைந்துவிடும் என்று வழியெல்லாம் கணக்குப் போட்டேன். வாசலில் கிரில்லை அவன் மடியில் வைத்துக் காட்டினேன். பார்த்தான். ஸ்க்ரூ நுனியை விரலால் தடவினான். மஞ்சள் விரலில் ஒட்டியது. எழுந்து உள்ளே போய் ஸ்பேனர் எடுத்துவந்து, ஒற்றைக் கையால் அந்த ஸ்க்ரூவைக் கழற்றி, வீசிக் கிணற்றில் எறிந்தான். பூதம் கழன்று காலடியில் விழுந்தது.

"எங்க ஸ்க்ரூ? காட்டுங்க."

"டேய்!"

"ஸ்க்ரூவே இல்ல. குத்துனது ஒங்க பங்காளிதான்."

அவன் அக்கா வந்து கன்னத்தில் அறைந்தாள். அறைந்த கையோடு அழுதாள். அவன் அசையவில்லை. அடிப்பதற்கு முன்னால் காரணம் தப்பாகப் போனால் விட்டுவிடலாம். அடித்த பிறகு அது தப்பு என்று வந்தால், அந்த அடியைக் கொண்டுபோய் எங்கே வைப்பது? அவன் கண்ணில் அந்தத் தவிப்பைப் பார்த்தேன்.

அதற்குமேல் அவனைக் காரில் ஏற்ற நேரம் இல்லை. மண்பாதையில் பைக் சத்தம் கேட்டது. அக்காவும் நானுமாகச் சேர்ந்து அவனை உள்ளே தள்ளி, ஜாக்கிக் கம்பியைப் பிடுங்கிக்கொண்டு, வெளியே தாழ்ப்பாள் போட்டோம். காரைப் பாதைக்குக் குறுக்கே நிறுத்திவிட்டு முன்னால் போய் நின்றேன்.

அண்ணன் மகன் தனியாகத்தான் வந்தான். ஊரே சொன்ன ஆள்படை ஒன்றும் இல்லை. பைக்கின் பக்கவாட்டில் ஒரு இரும்புக் குழாய் மட்டும் செருகியிருந்தது. அதை உருவிக்கொண்டு இறங்கினான்.

"சித்தப்பா, வழிய வுடுங்க. ஒங்க மேல எனக்கு ஒண்ணும் இல்ல."

"விடறேன். ஒரு நிமிசம் இதப் பாத்துட்டுப் போ. நீ லேத்து ஓட்டற புள்ள, ஒனக்குப் புரியும்."

நான் கிரில்லைக் காரில் பொருத்தி, ஸ்க்ரூ இருந்த துளையில் ஒரு சைக்கிள் போக்ஸ் கம்பியை விட்டேன். பின்னால் ரேடியேட்டரை ஆட்டிக் காட்டினேன். நடந்ததை எதுவும் மறைக்காமல் சொன்னேன். பூதத்தை எதற்காக வாங்கினான் என்பதையும், ஸ்க்ரூ கிணற்றில் இருப்பதையும்கூட. அவன் குழாயைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு குனிந்தான். கம்பி ஈயப் பொட்டில் போய் முட்டுவதை ஒருமுறை பார்த்தான். தானே ரேடியேட்டரை ஆட்டி இன்னொருமுறை பார்த்தான். தொழிலாளிக் கண். புரிந்துவிட்டது.

நிமிர்ந்தபோது அவன் முகத்தைப் பார்த்து நான் பின்வாங்கினேன்.

"அப்ப சும்மாவா அடிச்சீங்க?"

"கண்ணு..."

"எங்கப்பன் குத்தியிருந்தா, சரி, குத்துனதுக்கு வாங்கினாருன்னு வெச்சிருப்பேன். ஒண்ணுமே இல்லாததுக்கா? ஒரு ஸ்க்ரூக்கா? வலது கை சித்தப்பா! இனிமே அந்தாளு எப்படி பூ பறிப்பாரு?"

குழாய் சுழன்றது. எனக்கு என்று நினைத்துக் கண்ணை மூடினேன். கண்ணாடி உடைகிற சத்தம். முன்கண்ணாடி பொரி மாதிரி உள்ளே கொட்டியது. அடுத்தது விளக்குகள். பானட்டில் அடி அடியாக விழுந்தது, தகரம் அழுதது. கடைசியில் கிரில்லைப் பிளந்துகொண்டு குழாய் ரேடியேட்டருக்குள் இறங்கியது. மெக்கானிக் காலையில் பொருத்தியது. பச்சையும் மஞ்சளுமாகத் தண்ணீர் பாதையில் ஓடி அவன் செருப்பை நனைத்தது. நான் தடுக்கவில்லை. அடி அடிடா, இதை எவ்வளவு வேண்டுமானாலும் அடி என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் கதவு தட்டுகிற சத்தம். உள்ளேயிருந்து மச்சான் உதைக்கிறான். பழைய தாழ்ப்பாள், மூன்றாவது உதையில் பிய்ந்தது. இடுப்பு வேட்டியோடு, வெறுங்கையோடு, படியிறங்கி வந்தான். அவன் அக்கா குறுக்கே போனாள், விலக்கிவிட்டான்.

"வண்டிய எதுக்குடா அடிக்கிற? ஸ்க்ரூ போட்டவன் நான். அடிச்சவன் நான். இங்க வா."

அதை அவன் தன் வாயால் சொன்னது அதுதான் முதல்முறை. பையன் குழாயைத் தூக்கிக்கொண்டு அவனை நோக்கிப் போனான். நான் ஓடினேன், கண்ணாடித் துண்டில் சறுக்கி விழுந்தேன். விழுந்த இடத்திலிருந்து பார்க்கத்தான் முடிந்தது. பையன் ஓங்கியபடி நின்றான். மச்சான் நகரவில்லை. நெஞ்சில் போட்ட துணி கதவோடு மல்லுக்கட்டியதில் விலகியிருந்தது. உள்ளே செக்கச்செவேலென்று, தோல் இல்லாத சதை. ஒரு கை முழுக்கக் கட்டு, கட்டுக்கு மேலே நீர் ஊறியிருந்தது. தாடையில் மூடி அடித்த கறுப்பு. பையனின் கண் தோளுக்குப் போனது, கைக்குப் போனது, நெஞ்சுக்குப் போனது, திரும்பத் தோளுக்கு வந்தது.

"எங்கடா அடிக்கிறது?" என்று கத்தினான். "எடம் வுடாம வெந்துகெடக்கறியேடா!"

குழாய் கீழே விழுந்து உருண்டது. அவன் அங்கேயே குந்தி உட்கார்ந்து தலையில் கைவைத்துக்கொண்டான். என் வீட்டுக்காரி சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். வாங்கி முகத்தில் அடித்துக்கொண்டான், குடிக்கவில்லை.

"கெளம்பி வா" என்று எழுந்தான், மச்சானைப் பார்க்காமலே. "வந்து எங்கப்பன்கிட்ட நீயே சொல்லு. எங்கம்மா கொத்த எடுத்தா நான் தடுக்கமாட்டேன், சொல்லிட்டேன்."

"சரி."

மச்சான் பைக்கின் பின்சீட்டில் ஏறினான். ஒரு கையால் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டான். பையனின் தோளைப் பிடிக்கவில்லை. பைக் கிளம்பியது. எங்கள் பாதை, தெரிந்ததுதானே, முழுக்கக் குழியும் மேடும். நான் தரையில் உட்கார்ந்தபடியே பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் குழியில் தூக்கிப்போட்டதும் மச்சான் வலியில் முனகினது இங்கே வரைக்கும் கேட்டது. அடுத்த குழி வருவதற்குள் பையன் வேகத்தைக் குறைத்தான். அதற்கடுத்ததில் இரண்டு காலையும் தரையில் ஊன்றி, பைக்கை நடத்தியே கொண்டுபோனான்.